ஓசூரிலிருந்து மாதேஸ்வரன் மலை வரை: காவிரி எல்லையோரம் சைக்கிளில்

இந்தப் பாதையில் பயணத்தைக் கெடுப்பது ஏற்றம் அல்ல. நேரத்துக்குப் போய்ச் சேராத செக்போஸ்ட்டும், கிளம்பாத படகும்தான். தொடை பலத்தை மட்டும் நம்பி வருகிறவர்கள் முதல் நாளே அஞ்செட்டியில் மாட்டிக்கொள்வார்கள். கடிகாரத்தையும் மேட்டூர் நீர்மட்டத்தையும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள், சுமாரான கால்களோடும் முடித்துவிடுவார்கள்.

காவிரி தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே சுமார் 64 கிலோமீட்டர் எல்லைக்கோடாகவே ஓடுகிறது. பிலிகுண்டுலு, ஒகேனக்கல், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் வால்பகுதி எல்லாம் அந்தத் துண்டில் வருகின்றன. ஆற்றை ஒட்டியே தொடர்ந்து ஓடும் சாலை கிடையாது. அதனால் சைக்கிள்காரருக்குக் கிடைப்பது மேட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, படகில் தாண்டி, கடைசியாக மலையேறும் ஒரு பாதை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல்: இது முதல் நாள், சுமார் 90 கிலோமீட்டர். பென்னாகரம், ஏரியூர், நாகமரை, படகில் பண்ணவாடி, கொளத்தூர், மேட்டூர்: இரண்டாம் நாள், சுமார் 65. மேட்டூரிலிருந்து பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலை: மூன்றாம் நாள், 55-க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. அதற்கு மேல் கொள்ளேகால் வரை போக நினைத்தால் இன்னொரு 80.

திசையை மாற்ற வேண்டாம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், ஒகேனக்கல் சுமார் 250. நீளமான முதல் நாள் மொத்தத்தில் இறக்கமாக அமைவது இந்தத் திசையில்தான். எதிர்த் திசையில் வந்தால், இரண்டு நாள் ஓட்டிக் களைத்த கால்களோடு, யானை நடமாட்டமுள்ள காட்டில், 90 கிலோமீட்டர் ஏற வேண்டியிருக்கும். இருட்டுவதற்குள் தேன்கனிக்கோட்டை சேர்வது பலருக்கு முடியாது.

எப்போது போவது

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை. மார்ச்சுக்குப் பிறகு ஒகேனக்கல், மேட்டூர்ப் பள்ளத்தில் பாறை சுட்டு, அந்தச் சூடு இரவிலும் இறங்காது. கூடவே இன்னொரு சிக்கல். காட்டுக் குட்டைகள் வற்றியதும் யானைகள் தண்ணீருக்காக ஆற்றை நோக்கி இறங்கும், சாலையைக் கடப்பது கூடும். ஜூலை, ஆகஸ்ட்டில் கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் வரும் காலம். கபினியிலும் கே.ஆர்.எஸ்.ஸிலும் திறப்பு கூடியது என்று செய்தி வந்தால், ஒன்றிரண்டு நாளில் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். 2018 ஆகஸ்ட்டிலும் 2024 ஜூலைக் கடைசியிலும் வந்த வெள்ளத்தில் அருவியே கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கிக் கிடந்தது.

நாளிதழில் தினமும் இரண்டு எண்கள் வரும். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கன அடி, மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி. விவசாயிகளுக்காக வரும் எண்கள்தான், ஆனால் இந்தப் பாதையில் போகிறவருக்கு இதைவிட உபயோகமான செய்தி கிடையாது. முதல் எண் ஒகேனக்கல்லையும் படகையும் பற்றிச் சொல்லும். இரண்டாவது, படகுத்துறை எங்கே இருக்கும் என்பதைச் சொல்லும். மேட்டூரின் 120 அடி என்பது அணையின் அளவுகோலில் நிறைமட்டம். கடல்மட்டக் கணக்கில் அது 790 அடி, அதாவது சுமார் 240 மீட்டர். மேப்பில் தெரியும் உயரத்தையும் பத்திரிகையில் வரும் அடியையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆடிப்பெருக்கு, பொங்கல் விடுமுறை நாட்களில் ஒகேனக்கல்லில் அறையும் கிடைக்காது, சாலையில் இடமும் கிடைக்காது. மாதேஸ்வரன் மலைக்கு அமாவாசை, சிவராத்திரி, தீபாவளி, யுகாதி நாட்களைத் தவிர்க்கவும். "உகே உகே மாதப்பா" என்று கூட்டம் கூட்டமாக நடந்து ஏறும் பக்தர்கள் சாலையின் பாதியை எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அது அவர்கள் பாதை. ஆனால் அந்த நாளில் மலையிலிருந்து சைக்கிளில் இறங்குவது ஆபத்து.

வண்டி

தனியாக டூரிங் சைக்கிள் வாங்கத் தேவையில்லை. ஹைபிரிட், எம்டிபி, கிராவல் எதுவானாலும் ஓடும். ஒரே நிபந்தனை, கீர். முன்பல் 44, பின்பல் 28 என்பதுதான் வண்டியில் இருக்கும் லேசான கீர் என்றால், பெடல் ஒரு சுற்று சுற்ற வண்டி கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் போகும். ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நிமிடத்துக்கு 29 சுற்றுதான் மிதிக்க முடியும். அப்படி மிதித்தால் பாரம் முழுக்க முழங்காலில் இறங்கும், பத்தாவது கிலோமீட்டரில் வலி தொடங்கிவிடும். அதே வேகத்தில் முன் 28, பின் 34 இருந்தால் 56 சுற்று வரும். அது மூச்சு வாங்கும் வேலை, மூட்டைக் கெடுக்கும் வேலை அல்ல. கேசட்டை (பின்பல் தொகுதியை) மாற்றுவதற்கு முன், தன் டிரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின்பக்கக் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்று கடையில் கேட்டுக்கொள்ளவும். 28 வரை மட்டுமே தாங்கும் டிரெய்லரில் 34 பல்லை மாட்டினால் மேல் ரோலர் பல்லில் உரசிக் கரகரவென்று சத்தம் போடும்.

டயர் 35 முதல் 40 மிமீ. ஆள், மூட்டை, வண்டி எல்லாம் சேர்த்து 95 கிலோ என்றால், 38 மிமீ டயரில் முன்னே 40-45 பிஎஸ்ஐ, பின்னே 50-55 போதும். கல்லாகக் காற்றடித்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. இறக்கத்தில் ஜல்லி பெயர்ந்த இடத்தில் வண்டி துள்ளும், பிடிமானம் போகும்.

பொதுவாக மூட்டை 12 கிலோவைத் தாண்டக் கூடாது. கூடாரம் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் தங்குவது சட்டப்படி குற்றம், யானைப் பாதையில் தங்குவது அதைவிட மோசம். 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எதிர்க்கரையில் கர்நாடகத்தின் காவிரி வனவிலங்கு சரணாலயமும் மாதேஸ்வரன் மலைச் சரணாலயமும் இருக்கின்றன. இரு பக்கமும் காவல் உண்டு. கூடாரத்தின் இரண்டரை கிலோவுக்குப் பதில் இரண்டு லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொள்ளலாம்.

பஞ்சர். இந்தப் பக்கத்து எதிரி நெருஞ்சி அல்ல, சீமைக் கருவேல முள். நீர்த்தேக்கக் கரையில் வேலிக்கு வெட்டிப் போட்ட கிளைகள் கிடக்கும். முள் டயருக்குள் நுழைந்து, முனை ஒடிந்து, ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூபை மாற்றிப் பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர் என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். டியூபைக் கழற்றும்போது டயரில் எந்த இடத்தில் வால்வு இருந்தது என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளவும். டியூபில் ஓட்டையைக் கண்டதும், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைக்க வேண்டும், விரலால் அல்ல. நூல் இழுபட்ட இடத்தில் முள் இருக்கும். உள்ளிருந்து நகவெட்டியால் பிடித்து இழுக்கவும். பேட்ச் ஒட்டும்போது சொல்யூஷன் தடவி ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். ஈரத்தில் ஒட்டிய பேட்ச் வெயிலில் நழுவும். ஊர் பஞ்சர் கடைகளில் மோட்டார் சைக்கிள் வால்வுக்குக் காற்று உண்டு. மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும், இரண்டு டியூபும்.

பின் சக்கரத்தில் பல் இருக்கும் பக்கத்து ஸ்போக்தான் சுமையில் முதலில் ஒடியும். அந்த நீளத்தில் இரண்டு ஸ்போக், ஒரு நிப்பிள் சாவி, ஒரு செயின் இணைப்பு, பிரேக் கேபிள் ஒன்று, கீர் கேபிள் ஒன்று, ஒரு ஹேங்கர் (டிரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு உலோகத் துண்டு). ஹேங்கர் எதற்கு என்பது படகுப் பகுதியில் வருகிறது.

ஓசூர் முதல் ஒகேனக்கல் வரை

விடிய ஐந்தரைக்குக் கிளம்பி, தேன்கனிக்கோட்டையில் ஏழு மணிக்குக் காபி, பத்துக்குள் அஞ்செட்டி. இதுதான் கணக்கு. தேன்கனிக்கோட்டை வரை ராகி, தக்காளி, ரோஜாப் பந்தல் என்று ஊர் வழி, பயமில்லை. அதைத் தாண்டியதும் காடு. அஞ்செட்டி இறக்கம் குளிர்காலக் காலையில் ஈரமாக இருக்கும், வளைவின் உட்பக்கம் மண் சேர்ந்திருக்கும்.

அஞ்செட்டியில் சாப்பிட்டுவிட வேண்டும். களியும் கீரைக் கடைசலும் கிடைத்தால் அதுவே நல்லது, இட்லி இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். மூன்று லிட்டர் தண்ணீரை இங்கே நிரப்பிக்கொள்ளவும். இதற்கு மேல் நாட்றாம்பாளையத்தைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி கடை இல்லை. சாலை ஏறுவதும் இறங்குவதுமாகப் போய், கடைசியில் ஆற்றுப் பள்ளத்துக்கு ஒரேயடியாக இறங்கும். போன் சிக்னல் பல இடங்களில் அறவே இல்லை. யுபிஐ மட்டும் நம்பி வந்தவர் டீக்குக்கூடக் கடன் சொல்ல வேண்டிவரும். பத்து, இருபது, நூறு ரூபாய்த் தாள்களாக ஆயிரம் ரூபாய் வைத்துக்கொள்ளவும்.

அஞ்செட்டியிலிருந்து பிரியும் கிளைச் சாலைகளை மேப் 'குறுக்கு வழி' என்று காட்டும். தொட்டல்லா ஓடையைக் கடந்து காட்டுக்குள் போய் முடியும் பாதைகள் அவை. மழை பெய்தால் அந்த ஓடையில் திடீரென்று தண்ணீர் வரும், மேலே எங்கோ பெய்த மழை கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. பேருந்து போகும் சாலையை விடாமல் பிடித்துக்கொள்ளவும்.

இனி யானை. மோட்டார் வண்டிச் சத்தம் யானைக்குத் தூரத்திலேயே கேட்டுவிடும். சைக்கிள் சத்தம் கேட்காது. வளைவில் திடீரென்று இருபது மீட்டரில் நிற்கும் சைக்கிள்தான் யானையை மிரள வைக்கும். அதனால் மறைவு வளைவுகளுக்கு முன் பேசிக்கொண்டோ மணியடித்துக்கொண்டோ போவது நல்லது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போவது முட்டாள்தனம். சாணியைப் பார்த்துப் பழகவும். பச்சை கலந்த பழுப்பில், பளபளவென்று ஈரமாக இருந்தால் சற்று முன் போனது. மேல் தோல் காய்ந்து வண்டு மொய்த்திருந்தால் பல மணி நேரம் ஆகியிருக்கும். மூங்கில் ஒடிந்த இடத்தில் வெட்டு வெள்ளையாக, சாறு வடிந்தால் அது இன்றைய வேலை. புதிய அடையாளம் கண்டால் அங்கேயே நின்று, அடுத்து வரும் பேருந்தையோ லாரியையோ கைகாட்டி நிறுத்தி, அதன் பின்னாலேயே போகவும். அந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு இது புதிதல்ல, மெதுவாக ஓட்டித் துணைக்கு வருவார்கள். யானை தெரிந்தே விட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஏற்றத்தில் சைக்கிளில் யானையிடமிருந்து தப்பவே முடியாது. அதனால் பின்வாங்க இறக்கம் எந்தப் பக்கம் என்பதை முதலில் பார்த்துவைக்கவும்.

அதிகாலையிலும் மாலை நாலுக்குப் பின்னும் காட்டுத் துண்டில் இருக்கக் கூடாது என்பதே பொதுவிதி. அஞ்செட்டியைப் பதினொன்றுக்கு மேல்தான் தொட முடிந்தது என்றால், அன்று சைக்கிளைப் பேருந்திலோ டாட்டா ஏஸிலோ ஏற்றி ஒகேனக்கல் போய்விடுவது மரியாதைக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஒகேனக்கல்லில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியும் தனியார் லாட்ஜுகளும் உண்டு. வார இறுதியில் வாடகை ஏறும். சைக்கிளை அறைக்குள் வைக்கச் சம்மதிப்பார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்கவும், கொடுத்த பிறகு அல்ல. எண்ணெய் மசாஜ் கெண்டைக்காலுக்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் அந்தக் கையோடு டிஸ்க் தட்டைத் தொட்டால் மறுநாள் பிரேக் பிடிக்காது. பேடு எண்ணெயை உறிஞ்சிவிட்டால் துடைத்து எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பென்னாகரம் ஏற்றமும் நாகமரைப் படகும்

ஒகேனக்கல்லிலிருந்து பென்னாகரம் 16 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 250 மீட்டர் ஏற்றம். பெரும்பகுதி ஏற்றம் கிளம்பியதும் வரும் மலைப்பாதையிலேயே முடிந்துவிடும். உடம்பு சூடேறுவதற்கு முன்பே ஏற்றம் வருவதால் முதல் இருபது நிமிடம் மிக லேசான கீரில் போகவும். இங்கே தொல்லை குரங்கு. ஹேண்டில்பார் பையில் வாழைப்பழம் தெரிந்தால் ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகள் அவை.

தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். அதற்காகவே கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. போர் தண்ணீரை ஒரு நாள் குடிப்பதால் பல்லும் எலும்பும் கெட்டுவிடாது, ஆனால் சில கிணறுகளின் உப்புச்சுவையே தாகத்தைக் கூட்டும். "ஒகேனக்கல் தண்ணியா அண்ணா?" என்று கேட்டால் கடைக்காரர் சரியான குழாயைக் காட்டுவார். வெயிலில் வியர்த்துக் கொட்டினால் வெறும் தண்ணீர் போதாது. லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து ஒரு பாட்டிலைத் தனியாக வைக்கவும். உப்பு அளவு கூடினால் வாந்தி வரும். கைப்பிடிக் கணக்கில் போடாமல் கரண்டியில் அளந்து போடவும்.

பென்னாகரத்திலிருந்து ஏரியூர் வழியாக நாகமரை முப்பது கிலோமீட்டர் வரும். சோளக்காடு, கடலைக்காடு, ஆட்டு மந்தை. பாதை தணிந்துகொண்டே போய் நீர்த்தேக்கத்தில் இறங்கும். எதிரே சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. இரு கரைக்கும் நடுவே படகு ஓடுகிறது, பைக்குகளும் ஏறும். இங்கே படகு நேர அட்டவணைப்படி ஓடாது. ஆள் சேர்ந்தால் கிளம்பும், காற்று வலுத்தால் நிற்கும், நீர்வரத்து கூடினால் தடை வரும். மாலைக் காற்றில் நீர்த்தேக்கத்தில் அலை எழும்பும் என்பதால் மதியம் இரண்டுக்குள் கரையில் இருப்பது பாதுகாப்பு. உயிர்காப்பு மேலாடையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளவும், கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் மூலையில் கிடக்கும்.

நீர்மட்டம் குறையக் குறைய துறை இடம் மாறும். 120 அடியில் தார்ச்சாலை முடியும் இடத்தருகே நிற்கும் படகு, எழுபது சொச்சம் அடியில் வெகு தூரம் உள்ளே போய் நிற்கும். சரிவு குறைந்த கரை அது. நீர் செங்குத்தாக ஓர் அடி இறங்கினால் கரையோரம் பல மீட்டர் பின்வாங்கும். அந்த நாட்களில்தான் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்க அழகு, தள்ளிப் போவது கஷ்டம். வண்டல் மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் களி. பைக்குகள் போன தடத்திலேயே தள்ளவும். புதுத் தடம் போட்டால் சக்கரம் முழங்கை ஆழம் இறங்கும். நீர் வற்றிய நிலத்தில் சோளமும் எள்ளும் விதைத்திருப்பார்கள், அதன்மேல் ஏற்றக் கூடாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியாவது இல்லையென்றால் பத்தடியில் சக்கரம் இறுகிவிடும். ஈரமாகச் சுரண்டினால் இன்னும் அப்பும். அரை மணி வெயிலில் காயவிட்டுத் தட்டினால் ஓடாக உதிரும்.

படகில் ஏற்றும் முறை முக்கியம். முதலில் பைகளைக் கழற்றித் தனியே ஏற்றவும். பிறகு சைக்கிளை இடப்பக்கம் கீழேயும் செயின் பக்கம் மேலேயும் வரும்படி படுக்க வைக்கவும். நிற்க வைத்துக் கட்டினால் பக்கத்துப் பைக் சாய்ந்து டிரெய்லர் மேல் விழும். செயின் பக்கம் கீழே போனால் பலகை ஹேங்கரை உள்ளே வளைக்கும். வளைந்தது சமதரையில் தெரியாது. மறுநாள் மலையில், மூச்சு முட்டும் இடத்தில், கடைசிப் பெரிய பல்லுக்கு மாற்றுவோம். டிரெய்லர் ஸ்போக்குக்குள் நுழையும். ஹேங்கர், டிரெய்லர், நாலைந்து ஸ்போக் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். பண்ணவாடிக் கரையில் இறங்கியதும் பின் சக்கரத்தைத் தூக்கி, கையால் பெடலைச் சுற்றி, பெரிய பல் வரை ஏற்றிப் பின்னாலிருந்து பார்க்கவும். ரோலர் கூண்டும் பல்லும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். கூண்டின் கீழ்முனை சக்கரப் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. ஐந்து மில்லிமீட்டர் ஆலன் சாவியை டிரெய்லர் போல்ட்டில் செருகி மெதுவாக வெளியே இழுத்தால் ஓரளவு நிமிரும். மாற்று ஹேங்கர் இருந்தால் அதை மாட்டுவதே மேல்.

படகு இல்லை என்றால் பென்னாகரத்திலிருந்தே பெரும்பாலை, மேச்சேரி வழியாக மேட்டூர் போய்விடலாம். நாகமரை வரை இறங்கிப் பார்த்துத் திரும்பினால் வீணாக மேடேற வேண்டியிருக்கும். அதனால் பென்னாகரம் டீக்கடையிலேயே படகு ஓடுகிறதா என்று கேட்பது நல்லது.

ஒகேனக்கல்லிலிருந்து பரிசலில் கர்நாடகக் கரைக்குத் தாண்டி, கோபிநத்தம் வழியாகப் பாலாறு போகும் வழி மேப்பில் மிகச் சுருக்கமாகத் தெரியும். அது காட்டுச் சாலை, பரிசலில் சைக்கிளும் பைகளும் ஏற்றுவதும் பரிசல்காரர் மனசு. முதல் தடவை வருகிறவர் அதைத் திட்டமாக வைக்க வேண்டாம்.

பாலாறும் மலையும்

இந்தப் பாலாறு வேலூர்ப் பாலாறு அல்ல. கர்நாடக மலைகளிலிருந்து வந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சேரும் சிறு ஆறு. கொளத்தூர், கோவிந்தபாடி, காரைக்காடு செக்போஸ்ட் தாண்டி அதன் பாலம், அதற்கப்பால் கர்நாடகம். சைக்கிளுக்கு அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். ஆனால் எங்கிருந்து, எங்கே, எத்தனை பேர் என்று கேட்பார்கள், பையைத் திறந்து பிளாஸ்டிக்கும் மதுவும் பார்ப்பார்கள். எரிச்சல் படாமல் ஆதாரைக் காட்டிவிட்டுப் போகவும். 1993 ஏப்ரல் 9-ல் பாலாறு அருகே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்த சாலை இது. அன்றிலிருந்து வந்த பழக்கம் அந்தக் கேள்விகளில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த செக்போஸ்ட் எத்தனை மணிக்கு மூடும், மலையில் இன்று யானையோ சிறுத்தையோ தெரிந்ததா என்பதை இங்கேயே கேட்டுவிடலாம். பாலாற்றுப் பக்கம் தமிழே போதும், மேலே போகப் போக "ஆனெ இதெயா?" (யானை இருக்கிறதா?) என்ற கன்னடம் உதவும்.

பாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலை இருபது கிலோமீட்டர் சொச்சம், ஏற்றம் 650 மீட்டர் அளவு. வகுத்துப் பார்த்தால் சராசரி மூன்று சதவீதம்தான். அந்தச் சராசரியை நம்பி மோசம் போகிறார்கள். நடுநடுவே தணிவும் சமதளமும் வருவதால், உண்மையில் ஏறும் துண்டுகள் அதைவிட வெகு செங்குத்து. கொண்டை ஊசி வளைவின் உட்பக்கம் இன்னும் மோசம். இடப்பக்க வளைவில் எதிரே வண்டி இல்லை என்று உறுதியானால் மட்டும் அகலமாக எடுக்கவும். பேருந்து மேலிருந்து வரும் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரம் நின்றுவிடவும், நடுவளைவில் இரண்டுக்கும் இடம் போதாது. நின்று மறுபடி கிளம்ப, வண்டியைச் சாலைக்குக் குறுக்காக வைத்து ஒரு மிதி மிதித்த பிறகு திருப்பினால் சறுக்காது.

மலைமேல் கோயில் நிர்வாகத்தின் அறைகள் உண்டு. வார நாளில் சுலபமாகக் கிடைக்கும், அமாவாசைக்கு நினைக்கவே வேண்டாம். தாசோகத்தில் (கோயில் அன்னதானத்தில்) சாப்பாடு கிடைக்கும்.

இறக்கத்துக்குக் காலை எட்டரைக்கு மேல் கிளம்பவும். கிளம்புமுன் பிரேக். ரிம் பிரேக் என்றால் பேடில் உள்ள கோடு தேய்ந்து மறைந்ததா பார்க்கவும். கேபிள் டிஸ்க் என்றால் பேடு தேயத் தேய லீவர் ஹேண்டிலை நெருங்கும், அது தானாகச் சரிசெய்துகொள்ளாது, திருகைச் சுற்றி இறுக்க வேண்டும். இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் பெரிய தப்பு. ரிம் சூடேறி டியூப் வெடிப்பதும், டிஸ்க் பேடு கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிமானம் இழப்பதும் அதனால்தான். நேர்த்துண்டில் ஓடவிட்டு, வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்று, விட்டுவிடவும். வளைவுக்குள் பிரேக் வேண்டாம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ரிம்முக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கவும். அனல் அடித்தால் ஐந்து நிமிடம் நிற்கவும், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கொள்ளேகால் பக்கம் போகிறவர்களுக்கு ஹனூர் வரை ஏற்ற இறக்கமும் காடும் மாறி மாறி வரும், அதன் பிறகு வயல். கொள்ளேகாலில் ரயில் இல்லை. சாமராஜநகர் அல்லது மைசூர் போய் ஏற வேண்டும். மேட்டூர் பக்கம் திரும்புகிறவர்களுக்குச் சேலம் சந்திப்பு வசதி. சைக்கிளைப் பார்சலில் போடும்போது பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, டிரெய்லரை அவிழ்த்துச் சட்டத்துக்குள் துணியில் சுற்றிக் கட்டவும். வலப் பெடல் வழக்கமான திசையில் கழலும். இடப் பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் பலம் போட்டுக் கிராங்க்கின் மரையை அழித்துக்கொண்டவர்கள் பார்சல் ஆபீஸ் வாசலில் அடிக்கடி கண்ணில் படுவார்கள்.